பனியில் ஒரு பாதை

ருஷ்யா
18.11.1998

அன்பு அப்பாயிக்கு, தமிழரசன் வணக்கம்.

நான் இன்னும் ஜெர்மனி போய்ச் சேரவில்லை. எல்லையோர ஊரில் ஒரே அறையில் ஐந்து பேர் இருக்கிறோம். பொங்கலுக்கு முன்னால் காட்டுப் பாதையில் இரண்டு நாள் நடத்திக் கூட்டிப்போவதாக ஏஜென்ட் சொல்கிறான். அந்தப் பாதையைத்தான் வரைந்து அனுப்பியிருக்கிறேன். வீட்டுக்காரம்மா மகள் பேஸ்டல் என்கிற வண்ணக் குச்சி கொடுத்தாள். வெள்ளையெல்லாம் பனி. பயப்படாதீங்க, தெற்குத் தெரு வைத்தியலிங்கமும் கூட இருக்கிறான். ஊரில் சொல்ல வேண்டாம்.

தமிழரசன்

வடசேரி
10.12.1998

என் ராசாவுக்கு,

என் கையாலேயே எழுதுகிறேன். அஞ்சாவது படித்தது இதற்காவது உதவட்டும்.

படத்தைப் பிரித்ததும் வேதாரண்யத்து உப்பளம் என்று நினைத்தேன். உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் பனி என்று தெரிந்தது. அந்த மரங்களில் ஒரு இலை இல்லையே, சாமி. பாதை உள்ளே போகிறது, எங்கே போய் முடிகிறது என்று காணோம். தொட்டேன், வண்ணம் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. என்ன தோன்றியதோ, முந்தானையால் பாதை முழுவதையும் துடைத்துவிட்டேன்.

பேரன் ஜெர்மனியில் இன்ஜினியர் என்று கோயில் வாசலில் பெருமை பேசியவள் நான்தான். அதற்காக நீ நடக்காதே. பொய் என்று நானே அங்கே நின்று சொல்லிவிடுகிறேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். திரும்பி வா.

அப்பாயி பிரகதாம்பாள்

ருஷ்யா
8.1.1999

அப்பாயி,

உங்க கடிதம் நேற்று வந்தது. நான் போகவில்லை. மற்ற நாலு பேரும் இன்று காலை கிளம்பிவிட்டார்கள். "நீ அப்பாயி முந்தானையைப் பிடிச்சிக்கிட்டே இருடா" என்று வைத்தியலிங்கம் கிண்டல் பண்ணினான். என் பூட்ஸை அவனுக்குக் கொடுத்தேன். அவர்கள் போன கால்தடம் அரைமணி நேரத்தில் மூடிவிட்டது. சித்திரைக்கு ஊருக்கு வருகிறேன்.

தமிழரசன்

வடசேரி
9.2.1999

என் ராசாவுக்கு,

நீ போகவில்லை என்று படித்து வாய்விட்டு அழுதேன். சொன்னபடி கோயில் வாசலில் எல்லாவற்றையும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

வைத்தியலிங்கத்தின் அம்மா தங்கம்மாள் மட்டும் என் பின்னாலேயே வீட்டுக்கு வந்தாள். அவனிடமிருந்து ஒரு மாதமாக ஒரு வரி இல்லை. தினமும் வந்து படத்தின் முன்னால் உட்காருகிறாள். "மரம் தெரியுது, பனி தெரியுது. புள்ள போன வழி எங்கக்கா?" என்கிறாள். கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன். உன் பூட்ஸ் அவன் காலில் இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். "சூடா இருக்கும்லக்கா?" என்று கேட்டாள்.

வரும்போது அந்தக் குச்சியைக் கொண்டுவா, ராசா. நான் அழித்ததைத் திரும்பப் போட்டுக் கொடு.

அப்பாயி