ஒரே நம்பரில் இரண்டு பேர்

ஆகஸ்ட் 5, செவ்வாய்

காலையிலேயே தலைவேதனை. ஆபீஸைத் திறப்பதற்குள் பாரி வாசலில் நிற்கிறான். மணலி சைட் கேட்டில் கார்டைக் காட்டினால் சிவப்பு வருகிறதாம். உள்ளே விடவில்லையாம்.

"இன்னா க்கா, மாமாவுக்குப் பச்சை காட்டுது, உள்ள பூட்டாரு. எனக்கு மட்டும் செவப்பு. கல்லு மாரி கீறேன், எனக்கு இன்னா கேடு?"

மாமா என்றால் ஜெயவேல், அவன் அக்கா கெங்கம்மாவின் புருஷன். இரண்டு பேரும் எங்கள் காண்ட்ராக்டில் சாரம் கட்டுகிறவர்கள். கொருக்குப்பேட்டையில் ஒரே வீடு.

நான் செய்து வைத்த ஏற்பாடு சின்னதுதான். மருத்துவ முகாமில் டாக்டர் ஒவ்வொருவரையும் பார்த்துப் போனில் ஃபார்ம் நிரப்புவார். இணைப்பு ஆப் அதை எடுத்துப் போய், எங்கள் ஆன்லைன் டேபிளில் அந்த ஆளின் வரியைத் தேடி, தகுதி உண்டு அல்லது இல்லை என்று எழுதும். அதைப் பார்த்து கேட் ஆப் பச்சையோ சிவப்போ காட்டும். போன வார முகாமின் முடிவுகள் இன்று காலைதான் டேபிளில் ஏறின. பாரியின் வரியில் 'தகுதி இல்லை' என்று விழுந்திருந்தது. கையால் மாற்றினேன். பச்சை வந்தது. ஓடுடா என்றேன்.

ஆகஸ்ட் 6

மறுபடி சிவப்பு! தினமும் காலை ஐந்து மணிக்கு இணைப்பு ஆப் ஃபார்மில் உள்ளதைத் திரும்ப எழுதிவிடுகிறது. நேற்று நான் செய்தது தண்டம். திரும்ப மாற்றினேன். மேனேஜர் லூயிஸ் சார் எட்டிப் பார்த்து, "ஒரு ஆளுக்கு எத்தனை நாளும்மா?" என்றார். எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை.

ஆகஸ்ட் 7

மூன்றாம் நாள். டேபிளில் டாக்டரின் குறிப்பையும் படித்தேன். 'இரண்டு முறை நினைவு தப்பி விழுந்ததாகச் சொல்கிறார். உயரத்தில் ஏற்றக் கூடாது.'

பாரியைக் கேட்டேன், உனக்கு மயக்கம் வருமாடா என்று. சிரிக்கிறான். "எனக்கா? ஒரு நாளிக்காச்சும் லீவு போட்டு பாத்துகிறியா க்கா நீ?"

முகாமில் ஒரே நாளில் நூற்று நாற்பது பேரைப் பார்த்தவர் டாக்டர். கை தவறிப் போட்டிருப்பார். கேட்கலாம் என்று போன் செய்தேன், எடுக்கவில்லை. பாரி வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறான். பார்க்கப் பாவமாக இருந்தது. அவன் வரியில் மட்டும் இணைப்பு ஆப் எழுதாதபடி நிறுத்திவிட்டுப் பச்சை போட்டேன். இனி ஐந்து மணி வந்தாலும் அசையாது. சும்மா சொல்லக் கூடாது, எனக்கே என்னை மெச்சிக்கொள்ளத் தோன்றியது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

பச்சை. ஒரு புகாரும் இல்லை. அப்பாடா.

ஆகஸ்ட் 12

ஜெயவேல் விழுந்துவிட்டார். நாற்பது அடி. பெல்ட் கொக்கியைக் கழற்றி அடுத்த குழாயில் மாட்டப் போன நேரம், கை அப்படியே தளர்ந்து சாய்ந்தார் என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொல்கிறார்கள். ஆஸ்பத்திரியில் இருக்கிறார். நினைவில்லை.

நினைவு தப்பி — யா அல்லாஹ். அந்தக் குறிப்பு யாருடையது?

ஆகஸ்ட் 13

பார்த்துவிட்டேன். டேபிளில் ஜெயவேலின் வரிக்கு முகாமிலிருந்து ஒன்றுமே வரவில்லை. சேர்ந்த அன்று போட்ட பழைய பச்சைதான் கிடக்கிறது. முகாமில் டாக்டர் நிரப்பிய ஃபார்மை இன்றைக்குத்தான் திறக்கிறேன். மேலேயே பேர் இருக்கிறது. ஜெயவேல்.

அந்த வீட்டுக்கே ஒரு போன். இரண்டு பேருக்கும் அதே நம்பர். நம்பரைத் தேடிப் போன ஆப், முதலில் கண்ணில் பட்ட பாரியின் வரியிலேயே இரண்டு பேர் முடிவையும் எழுதியிருக்கிறது. கடைசியாக எழுதியது நின்றது.

நம்பரை வைத்துத் தேடு என்று சொன்னது யார்? நான்தான். ஜெயவேலை ஆளுக்கொரு ஸ்பெல்லிங்கில் அடிக்கிறார்கள், இனிஷியலை ஒருவர் முன்னால் போடுகிறார், ஒருவர் பின்னால். நம்பர் மாறாது, எல்லார் கையிலும் போன் இருக்கிறது என்று மீட்டிங்கில் பேசினேனே. எங்கள் வீட்டிலேயே அம்மாவுக்குத் தனி போன் கிடையாது. எங்கே போச்சுடி உன் புத்தி?

ஒரு ஃபார்மைத் திறக்க எவ்வளவு நேரம் ஆகும்? மூன்று நாள் கையில் வைத்திருந்தேன்.

ஆகஸ்ட் 14

போய்விட்டார்.

ஆகஸ்ட் 18, திங்கள்

கம்பெனி அறிக்கை தயார். 'நோயை மறைத்துப் பணிக்கு வந்ததால்' என்று எழுதியிருக்கிறார்கள். லூயிஸ் சாரிடம் ஃபார்மைக் காட்டினேன். படித்தார். கதவைச் சாத்தினார்.

"பாரி ரெக்கார்டை அழிச்சுட்டுப் புதுசா ஒண்ணு போட்டுடும்மா. பழைய ஹிஸ்டரி போயிடும். இந்த ஃபார்மும் வேணாம். இணைப்பை நிறுத்தினவங்க, பச்சை போட்டவங்கன்னு அதுல இருக்கறது உன் பேரு. நாளைக்கு உன்னைத்தான் இழுப்பாங்க."

பொய் சொல்லவில்லை அவர். மூன்று இடத்தில் என் பேர்.

ஆகஸ்ட் 19

அழிக்கவில்லை. நியாயம் பார்த்தா, கை வராமலா என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 21

பாரி வந்தான். அறிக்கையை அவன் அக்காவுக்கும் அனுப்பிவிட்டார்கள்.

"எங்க மாமா ஃபிராடா க்கா? நோவ மறச்சுகினு மேல ஏறுனாருன்னு போட்டுகிறாங்க. எங்கக்கா சோறு துன்ன மாட்டேங்குது."

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். உனக்கு வந்த சிவப்பு அவருடையது என்றேன்.

அவன் திட்டுவான் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம். "அப்போ நான் வந்து கேட்டங்காட்டிதான் நீ மாத்துன" என்றான். இல்லடா, இல்லடா என்கிறேன். எழுந்து போய்விட்டான்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

ஃபார்மையும், எந்தத் தேதியில் யார் எதை மாற்றினார்கள் என்கிற ஹிஸ்டரியையும் பிரிண்ட் எடுத்து, விபத்தை விசாரிக்கும் அரசு அதிகாரியிடம் கொடுத்தேன். இந்தக் கௌசர் யாரும்மா என்றார். நான்தான் என்றேன். மதியம் லூயிஸ் சார் போன் செய்தார், திங்கள்கிழமை வர வேண்டாம் என்று. அவர் குரலும் நன்றாயில்லை.

ஆகஸ்ட் 29

அறிக்கையில் அந்த வரியை எடுத்துவிட்டார்கள். என்மேல் விசாரணை இருக்கிறது, இருக்கட்டும். ஃபார்மின் நகலை எடுத்துக்கொண்டு கொருக்குப்பேட்டைக்குப் போனேன். பாரி என்னைக் கண்டதும் வெளியே போய்விட்டான்.

கெங்கம்மா அக்கா படிக்கச் சொன்னார். படித்தேன். அவர் எதையும் மறைக்கவில்லை அக்கா, டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார், தப்பு என்னுடையது என்றேன். அக்கா அழவில்லை.

"எந்த தேதிம்மா போட்டுகீது?"

"ஒண்ணாந் தேதி. வெள்ளிக்கிழமை."

"அன்னிக்கு வஞ்சிரம் வாங்கினு வந்தாரு. கொழம்பு வையி, பாரிக்கு புடிக்கும்னாரு. அவ்ளோ நேரம் பேசிகினு இருந்தாரே." நகலை என் கையிலிருந்து வாங்கி மடித்தார். "டாக்டராண்ட சொன்னவரு என்னாண்ட ஒரு வார்த்த சொல்லல பாரு."

அக்கா எழுந்து வாசல்வரை வந்தார்.

"குட்த்துட்ட இல்ல. நீ இனிமே இங்க வராதம்மா."

சரிக்கா என்றேன்.