கௌசல்யாவை நான் பார்க்கவில்லை

ஆவணி, செவ்வாய்க்கிழமை

மதியம் கே.கே. நகரில் பேத்தி வேலை பார்க்கும் மனநல ஆலோசனை நிலையத்துக்குச் சாப்பாடு கொண்டு போனேன். எங்கள் வம்சத்தில் அம்புட்டுப் படிப்பு படித்தவள் அவள் ஒருத்திதான். அங்கே என் தங்கச்சி மருமகள் கௌசல்யா காத்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

“பெரியத்தை, வீட்டுல சொல்லிராதீக.”

அவள் போனபின் பேத்தி என்னிடம் வந்தாள். “அப்பத்தா, இங்க நீ யாரையும் பாக்கல. வெளிய தெரிஞ்சா அப்புறம் ஒருத்தரும் என்னை நம்பி வாயத் திறக்க மாட்டாங்க.”

“நான் என்ன தண்டோராவா போடுறேன்?” என்று கோபித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

சாயங்காலம் தங்கச்சி போன் செய்தாள். “அக்கா, தையல் கிளாசுன்னு சொல்லிட்டு மருமக கே.கே. நகர்ல திரியுறாளாம். நீ அங்கதான போன, பாத்தியா?”

“பாக்கலயே.”

“அப்ப எவனையோ பாக்கத்தான் போறா. நாளைக்குச் சாயங்காலம் மகன் ஊர்லருந்து வரட்டும், அவளை உண்டு இல்லன்னு பண்ணச் சொல்றேன். காலைல உன் வீட்டுக்கு வாரேன், நேர்ல பேசுவோம்.”

உண்மை வாய்வரை வந்தது. முழுங்கினேன். பேத்தி வீடு வந்ததும் நடந்ததைச் சொன்னேன். உடனே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு போனில் யாரிடமோ வெகுநேரம் பேசினாள். “கௌசல்யா என்ன சொன்னா?” என்று கேட்டேன். காதில் விழாதவள்போல் சாப்பாட்டுத் தூக்கைக் கழுவப் போய்விட்டாள். இம்புட்டு வளர்த்த என்னிடமே.

பேத்தி செய்வது சரிதான். ஆனால் தங்கச்சி காலையில் நேரில் வருகிறாளாம். போனில் என் முகம் தெரியவில்லை, தப்பித்தேன். நான் பொய் சொன்னால் சின்னதிலிருந்தே அவளுக்குத் தெரிந்துவிடும்.