விலை இறங்காத டிவி

மார்ச் 4

சார், வணக்கம்.

நேற்று உங்கள் டிவியை விற்றுவிட்டேன். அரசாங்க விலைவாசிக் கணக்குக்காக மாசா மாசம் என் கடைக்கு வந்து விலை குறித்துக்கொண்டு போவீர்களே, அந்த முப்பத்திரண்டு அங்குல டிவிதான். கடைசிப் பீஸ். அதே மாடல் இனி வராது என்று கம்பெனிக்காரர் கையை விரித்துவிட்டார்.

விலை எடுத்த மாடலுக்கே தொடர்ந்து எடுக்கணும், இல்லாவிட்டால் கடையையே பட்டியலிலிருந்து தூக்கிவிடுவார்கள் என்று முதல் நாளே சொன்னீர்கள். அதனால்தான் முந்திக்கொண்டு எழுதுகிறேன். அதே விலைக்கு நாற்பத்து மூன்று அங்குலம் வந்திருக்கிறது. அதை எழுதிக்கொள்ளக் கூடாதா? எதிர்க்கடைக்கு மட்டும் போய்விடாதீர்கள். அந்த ஆள் ஒட்டியிருக்கிற விலையைத்தான் சொல்வார், விற்கிற விலையைச் சொல்ல மாட்டார்.

இப்படிக்கு,
கடைக்காரி

மார்ச் 9

மதிப்பிற்குரிய மேடம்,

புதிய டிவியைத் தாராளமாக எழுதலாம். ஆனால் அதே பணத்துக்குப் பெரிய திரையும் நல்ல படமும் கிடைப்பதால், விலை இறங்கியதாகத்தான் எங்கள் கணக்கில் ஏறும். சிரிக்காதீர்கள், எங்கள் முறை அதுதான்.

சிரிக்க முடியாத விஷயமும் ஒன்று உண்டு. அந்தப் பழைய மாடலைத் தயாரிப்பதை நிறுத்தி ஒரு வருஷமாகிறதாம். "ஊரெல்லாம் டிவி விலை சரியுது, இந்தக் கடையில மட்டும் ஏன்யா ஆணி அடிச்ச மாதிரி நிக்குது?" என்று மேலதிகாரி கேட்டார். "அந்தம்மா கொஞ்சம் கறார் சார்" என்று சமாளித்தேன். விற்காத பொருளின் விலையை நாங்கள் எடுக்கக் கூடாது. மறைக்காமல் சொல்லுங்கள், இத்தனை மாதமும் அது விற்றதா?

தங்கள்,
விலை எடுப்பவன்

மார்ச் 12

சார்,

விற்கவில்லை. நான் விற்க விடவில்லை. கேட்டு வந்தவர்களையெல்லாம் "அது புக் ஆயிடுச்சுங்க" என்று சொல்லி அடுத்த வரிசைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். கல்லாவில் இருக்கிற என் தம்பி, "அக்கா, யாருக்குப் புக் ஆயிருக்குன்னு தெருவுக்கே தெரியும், அவருக்குத்தான் தெரியல" என்பான். விலையைக் குறைத்தால் டிவி போய்விடும். டிவி போனால் நீங்களும் வரமாட்டீர்கள். எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது, காரணம் இதுதான்.

நடைபாதையில் உட்கார்ந்து ரேடியோ ரிப்பேர் பார்த்து, ஒற்றை ஆளாக இந்தக் கடையைப் பிடித்தவள் நான். வாங்க வந்தவரைத் திருப்பி அனுப்பியது இந்த ஒரு பொருளுக்காகத்தான். ஒரு டிவியை நடுவில் நிறுத்தி ஆளைப் பார்ப்பதும் ஒரு பிழைப்பா என்று வெறுத்துப்போய்த்தான் அதை விற்றுத் தள்ளிவிட்டேன்.

ஒன்று கேட்கிறேன். விலை இறங்கிவிட்டது என்கிறீர்கள். வாங்குகிறவர் பர்ஸிலிருந்து போவது அதே பணம்தானே? சின்னது போதும் என்றாலும் இப்போது கிடைப்பதில்லையே? இதைப் பேசவாவது ஒருதடவை வாருங்கள். பேனா வேண்டாம்.

கடைக்காரி

மார்ச் 20

மேடம்,

ஒரு வருஷக் கணக்கைத் திருத்தி எழுதினேன். திட்டும் வயிறு நிறைய வாங்கினேன். உங்கள் கடையைப் பட்டியலிலிருந்து நீக்கியாயிற்று.

நீக்கினால் காரணம் எழுத வேண்டும். "மாடல் இல்லை" என்று எழுதினால் அடுத்த வருஷம் யாராவது திரும்பச் சேர்த்துவிடுவார்கள். சொந்தக்காரர் கடையில் விலை எடுக்கக் கூடாது என்று எங்களுக்கு ஒரு விதி உண்டு. அதனால் "உறவினர் கடை" என்று எழுதிவிட்டேன். மேலதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "என்னய்யா உறவு?" என்றார். "அதை அவங்கதான் சொல்லணும் சார்" என்றேன். "எழுத்துல வாங்கிட்டு வா" என்றார். அந்த மனிதர் சிரித்து இன்றைக்குத்தான் பார்த்தேன்.

உங்கள் தெருவில் ஒரு கடையில் விலை எடுத்தால் போதும். எந்தக் கடை என்பது என் விருப்பம். உங்கள் கடைக்கே ஏன் வந்தேன் என்று நீங்கள் கேட்டதே இல்லை. பர்ஸ் கேள்வியை நேரில் வந்து பேசுகிறேன். ஒண்டிக்கட்டை நான், சாவகாசமாகப் பேச நேரம் இருக்கிறது.

உங்கள் பதிலுக்குக் காத்திருப்பவன்

மார்ச் 23

அன்புள்ள உங்களுக்கு,

சம்மதம். இந்தத் தாளை அப்படியே உங்கள் அதிகாரியிடம் காட்டலாம். தம்பி உங்கள் கடிதத்தைப் பிடுங்கிப் படித்துவிட்டு, கடையில் இருந்த அத்தனை டிவியையும் முழுச் சத்தத்தில் வைத்துவிட்டான். எதிர்க்கடைக்காரர் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார். விஷயம் தெரிந்ததும், "அப்ப இனிமே என் கடைக்குத்தான் வருவாரா?" என்று கேட்கிறார். வியாபாரி புத்தி.

நானும் வியாபாரிதான், பேரத்தைப் பேசி முடித்துக்கொள்வோம். என் கடை விலையில் நீங்கள் தலையிடக் கூடாது, உங்கள் கணக்கில் நான் தலையிட மாட்டேன். கடைக்கு மேலே உள்ள வீட்டில் குடியிருப்போம், வாடகை ஆளுக்குப் பாதி. வருகிற பத்தாம் தேதி பதிவு அலுவலகத்தில் கல்யாணக் கையெழுத்து. ஒரு நாளும் கடை அடைக்காதவள் நான். இனி ஞாயிறு முழுக்கக் கடைக்கு விடுமுறை.

உங்கள்,
கடைக்காரி