சம்பாதிக்காமல் நின்ற நேரம்

ஆடி, வெள்ளிக்கிழமை

மத்தியானம் தெருவில் கரண்ட் போனது. சோலார் போட்டு, மிச்ச கரண்டை விற்கவும் செய்கிற என் வீட்டிலும் ஃபேன் நின்றது. எதிர்வீட்டு ராகவன், "என்ன சார், சூரியனுக்கும் லீவா?" என்று சிரித்தார். ஏமாந்துவிட்டோம் என்று மனைவி மாலதியிடம் கத்தினேன்.

அவள் என்னை வாசலுக்கு இழுத்து வந்து கம்பத்தைக் காட்டினாள். லைன்மேன் கம்பியைக் கையில் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தார்.

"நம்ம கரண்ட் வெளியில போனா அவருக்கு ஷாக் அடிச்சிடும். அதான் லைன்ல கரண்ட் இல்லேன்னா நம்ம சோலார் தானாவே நின்னுக்குது. மாட்டினவர் அன்னைக்கே சொன்னாரு. நீங்கதான் ராகவன்கிட்ட பெருமை பேசிட்டிருந்தீங்க."

அண்ணாந்து எங்கள் மாடியில் இருந்த சோலார் பேனலைப் பார்த்தேன். ஸ்ரீரங்கத்து வெயில் அத்தனையையும் வாங்கிக்கொண்டு, கம்பத்தில் இருக்கும் ஒரு மனிதருக்காகச் சும்மா கிடந்தது.

சம்பாதித்ததை ஊரெல்லாம் சொல்லியாயிற்று. சம்பாதிக்காமல் நின்றதை நாளை ராகவனிடம் சொல்ல வேண்டும்.