தடாகத்துக்கு உப்பு

இஞ்சாருங்கோ, இரவு மழையில் நம் தொடர்மாடியின் நீச்சல் தடாகம் நிரம்பி வழிந்திருக்கிறது. காலையில் பார்த்தால் உப்பிலிருந்து குளோரின் எடுக்கும் மெஷினில் சிவப்பு விளக்கு. உப்புக் குறைந்துவிட்டது. உங்கள் நினைப்பு வராமல் வேறு யார் நினைப்பு வரும்?

கமிட்டியில் ஒருவரும் ஏற்காத வேலையை நீங்கள்தான் தலையில் போட்டுக்கொண்டீர்கள். வெயிலுக்குத் தண்ணீர் வற்றியதும் பக்கத்து வீட்டுக்காரர் உப்போடு வந்து நிற்பார். "தண்ணிதான், ஐசே, ஆவியாப் போகும், உப்பு அங்கேயே கிடக்கும். மழைக்கு வழிஞ்சாத்தான் போடவேணும்" என்று திருப்பி அனுப்புவீர்கள். குறைந்தால் குளோரின் வராது, பாசி பிடிக்கும். கூடினால் ஏணி துருப்பிடிக்கும். தடாகத்துக்கு இவ்வளவு பார்த்த மனிதருக்கு வீட்டில் உப்பில்லாத கறி. பிறஷர் என்று டொக்டர் நிறுத்திவிட்டார். ஒவ்வொரு கவளத்துக்கும் என்னை ஒரு பார்வை பார்ப்பீர்கள். சமைத்தவள் நான், குற்றவாளியும் நான்.

சண்டைக் காலத்து மாரி ஒன்றில் இப்படித்தான் சிவப்பு விளக்கு எரிந்தது. கொட்டாஞ்சேனையில் கல்லுப்பு இரண்டு மூட்டை வாங்கி ஓட்டோவில் வந்தோம். வெள்ளவத்தைச் சோதனைச் சாவடியில் மறித்தார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர் என்ற அடையாள அட்டை, காலடியில் வாய் கட்டிய மூட்டைகள். வெடிமருந்தென்று நினைத்துவிட்டார்கள். நீச்சல் தடாகத்துக்கு உப்பு என்று உங்களுக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னீர்கள். ஆமிக்காரன் கடல் பக்கம் கையை நீட்டி, "முஹுத லங்கனே, மொகடத லுணு?" என்றான். கடல் பக்கத்திலேயே கிடக்க உப்பு எதற்கு? நியாயமான கேள்விதான். மெஷினைப் பற்றி விளங்கப்படுத்தும் அளவுக்கு நம்மிடம் சிங்களம் இல்லை. ஜீப்பில் ஏறச் சொன்னான். அப்படி ஏறிய எதிர்வீட்டுப் பிள்ளை திரும்பி வரவேயில்லை.

நீங்கள் குனிந்து மூட்டையை அவிழ்த்து, ஒரு பிடி அள்ளி வாயில் போட்டு மென்றீர்கள். அவன் பார்த்துக்கொண்டே நின்றான். இன்னொரு பிடி. கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு "யண்ட" என்றான், போகச் சொல்லி.

வீட்டுக்கு வந்து செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தீர்கள். பிறகு, "டொக்டரிட்டைச் சொல்லிப்போடாதையும்" என்றீர்கள். சிரித்தேன். சிரித்துவிட்டுக் குசினிக்குள் போய் அழுதேன்.

இப்போது சாவடியும் இல்லை, நீங்களும் இல்லை. இன்று உப்பு வாங்கப் போனேன். கடைக்காரர் பையின் வாயைக் கட்டக் கயிறு எடுத்தார்.

"கட்ட வேண்டாம்."

"கொட்டுண்டுபோம் அம்மா."

"பரவாயில்லை, திறந்தபடியே தாங்கோ."

மறிக்க யாருமில்லாத காலி வீதியில், பையின் வாயை விரித்துப் பிடித்தபடியே வீடு வந்து சேர்ந்தேன்.