பல்புக்குக் கீழே ஒரு முளைப்பாரி

அன்புள்ள சுந்தரி அக்கா,

நீ போன துக்கம் கழிந்து, நம் வீட்டிலிருந்து இந்த வருஷம்தான் முளைப்பாரி போட்டோம். உன் இடத்தில் உன் மகள் கயல் போட்டாள். அதில் ஒரு குளறுபடி நடந்தது. காரணம் நான். நம் தெருவிலிருந்து யாராவது அங்கே வந்து உன்னிடம் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

ராஜபாளையத்தில் எதுவும் மாறவில்லை. சட்டியில் மண்ணும் எருவும் போட்டுப் பயறு விதைத்து, ஜன்னல் இல்லாத அறையில் பூட்டி வைக்கிறார்கள். உள்ளே போய்த் தண்ணீர் தெளிப்பது இப்போதும் பேச்சியம்மாள் பெரியம்மா மட்டும்தான். எலி முளையைக் கடிக்கிறதென்று அவள் புலம்பினாள். அம்மன் கோயில் விழாக் கமிட்டியில் படித்தவன் நான். யோசனை சொல்லாமல் இருக்க முடியுமா? விதைப்பதற்கு முன்பே அறை மூலையில் ஒரு சின்ன பல்பை மாட்டி, அணைக்கவே வேண்டாம் என்றேன்.

பெரியம்மா என் பல்பை நம்பவில்லை. எல்லாச் சட்டிகளையும் கூடையால் கவிழ்த்து மூடினாள். ஒரு கூடை குறைந்தது. கடைசியாக வந்த கயலின் சட்டி மட்டும் திறந்தபடி பல்புக்கு நேர் கீழே உட்கார்ந்தது.

ஊர்வலத்துக்கு இரண்டு நாள் முன்பு கூடைகளை எடுத்தார்கள். மற்ற சட்டிகளில் பயிர் முழ உயரம், வெளிறிய மஞ்சள். கயலுடையது குட்டையாக, நல்ல பச்சையாக நின்றது.

"சுத்தபத்தம் இல்லேன்னா இப்படித்தான். ஆத்தா ஏத்துக்கிடல," என்றாள் பெரியம்மா. "தாயில்லாப் பிள்ளை, யாரு சொல்லிக் குடுக்க? ஏட்டி, இந்த வருசம் நீ தூக்காண்டாம்."

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆபீசுக்கு லீவு போட்டு விரதம் இருந்தவள் கயல். சட்டியை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள். பல்பு என் யோசனை என்பதை எல்லாரும் மறந்திருந்தார்கள். நானும் மறந்தவன்போல அன்று முழுக்க இருந்தேன். இதை நீ மன்னிப்பாயா?

மறுநாள் விடிந்ததும் பெரியம்மாவிடம் போனேன். நீ பள்ளிக்கூடத்தில் வருஷாவருஷம் நடத்திய பாடத்தைத்தான் சொன்னேன். பிழை இருந்தால் திருத்திக்கொள். இருட்டில் முளைக்கும் பயிர் விதையிலிருக்கும் சாப்பாட்டைத் தின்று, வெளிச்சத்தைத் தேடி நீளமாக ஓடுகிறது. இலைக்குள் கணிகங்கள் என்ற குட்டிப் பைகள் இருக்கின்றன; பச்சையம் மட்டும் கடைசிப் படியில் நின்றுபோகிறது. அந்தப் படியைத் தாண்ட வெளிச்சம் வேண்டும். பட்டதும் பச்சையம் உண்டாகிறது, உள்ளே சவ்வுகள் அடுக்கடுக்காகக் கட்டப்படுகின்றன, கணிகம் பசுங்கணிகமாகிறது. அதன் பிறகுதான் பயிர் சொந்தமாகச் சமைக்கத் தொடங்கும்.

பெரியம்மா பொறுமையாகக் கேட்டாள். "முடிச்சிட்டியாலே?"

"முடிச்சிட்டேன். குத்தம் என் பல்பு மேல, பெரியம்மா. கயல் மேல இல்ல. வேணும்னா ஒரு பாரிய வெளிச்சத்துல வச்சுப் பாருங்க."

"எவ பாரிய வைக்க? எல்லாரும் பயந்து சாவாளுக. எம்பாரிய வைக்கேன். நாப்பது வருசமாப் போடுதேன். அதுக்கு ஒண்ணும் ஆவாது."

தன் சட்டியை முற்றத்து வேப்பமர ஓரத்தில் அவளே கொண்டுபோய் வைத்தாள். மத்தியானம் இலை நுனியில் பச்சை லேசாகத் தெரிந்தது. நாலு மணிக்கு ஐயத்துக்கு இடமே இல்லை. சட்டியைச் சுற்றி வந்து பார்த்தாள். அவளுடைய சுத்தபத்தத்தைப் பற்றிக் கேட்க நம் தெருவில் யாருக்குத் தைரியம் உண்டு?

பிறகு நம் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "ஏட்டி கயலு! நாளைக்கு எம்பக்கத்துல நட. ரெண்டு பச்சையும் சேந்து போனா ஒரு பய வாயத் தொறக்க மாட்டான்."

இருவரும் முதல் வரிசையில் போனார்கள். நீ எப்போதும் போகும் வரிசைதான். கயலின் சட்டி கொஞ்சமும் ஆடவில்லை. குட்டைப் பயிர் சாய்வதில்லை என்பதை நீயே விளக்கியிருப்பாய்.

பல்பைக் கழற்றிவிட்டேன். இனிக் கயலை யாராவது ஒரு சொல் சொன்னால், மறுநாள் விடியும்வரை காத்திருக்க மாட்டேன்.

உன் தம்பி,
கயலுக்கு ஒரே தாய்மாமன்