ஆறாம் குழிக்கு எதிரே நிற்கும் சுமைதாங்கி

கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற தூரத்தில் இல்லை என்று தெரிந்தும் கூப்பிடுகிறேன், என் செல்லம்மா அக்கா,

வயிற்றுப் பிள்ளையோடு நீ போன பிறகு, உறையூருக்கு மேற்கே வண்டிப்பாதை ஓரம் அப்பா உனக்குச் சுமைதாங்கி வைத்தார். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்தி. வழிப்போக்கர்கள் அதில் பாரத்தை இறக்கி இளைப்பாறினால், இறக்காமல் நீ கொண்டுபோன பாரமும் கொஞ்சம் இறங்குமாம். நான் இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. உனக்குத் தெரியும்.

இப்போது அந்தப் புறம்போக்கு முழுவதும் கோல்ப் மைதானம். பொதுமக்களுக்கானது என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். மட்டையும் பூட்ஸும் வைத்திருக்கிற பொதுமக்கள். புல் பிடிக்காத மண். அதனால் குழிகளைச் சுற்றி மணல் பரப்பி, அது பறக்காமல் இருக்க எண்ணெய் ஊற்றியிருக்கிறார்கள். உறையூருக்கு ஒரு மருத்துவச்சி வைக்கப் பணமில்லை என்றவர்கள், மணலுக்கு எண்ணெய் வாங்குகிறார்கள். பாதையை அடைத்துக் கம்பிவேலி. விறகுக்காரிகள் சுற்றிக்கொண்டு போகிறார்கள்.

உன் கல்லை மட்டும் எடுக்கவில்லை. மைதானத்தை வகுத்த துரைக்கு அது பிடித்துவிட்டதாம். சமதரையில் ஆட்டம் சப்பென்று இருக்குமாம்; ஆறாம் குழிக்கு நேர் எதிரே ஒரு தடை கிடைத்ததில் சந்தோஷமாம். பந்து கல்லில் பட்டுத் திரும்பினால் சிரிக்கிறார்கள். நட்ட கற்களுக்கு நடுவே புகுந்து போனால் கைதட்டுகிறார்கள். வேலிக்கு வெளியே நிற்கிற எனக்கு அது கேட்கிறது. உனக்கு?

அம்மா சாப்பிடும்போது திடீரென்று கையை நிறுத்திவிடுகிறாள். "அவ முனகுறாடா. யாரும் இறக்கி வைக்கலேல்ல, வலி அப்படியே நிக்குது." பைத்தியக்காரப் பேச்சு என்று அதட்டினேன். மறுநாள் தறியில் உட்கார்ந்திருந்தபோது எனக்கும் கேட்டது.

போன வாரம் அவளை வேலியருகே கூட்டிப்போனேன். துரைக்கு மட்டைப் பை சுமக்கிற மாரிமுத்து, நம் தெருக்காரர்தான், பந்து தேடும் இடைவேளையில் பையை உன் கல்மேல் வைத்தார். அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

"மாரிமுத்து, அது கனமாய்யா?"

"இடுப்பு ஒடியுது ஆத்தா. ஏன், நீங்க கொஞ்ச தூரம் தூக்குறீங்களா?"

"அங்கேயே இருக்கட்டும்யா. எடுத்துறாத!"

அதற்குள் துரையின் அதட்டல். மாரிமுத்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடினார். அம்மா என் பக்கம் திரும்பினாள். "விளையாட்டுச் சாமான் சுமையில சேருமாடா?"

சாமான் யாருடையதாக இருந்தால் என்ன, முதுகு மாரிமுத்துவுடையது. ஆனால் இறக்கிய மனிதரை மூச்சு வாங்கக்கூட விடவில்லையே, அக்கா. அப்படியானால் உனக்கு என்ன இறங்கியிருக்கும்?

விறகு விற்கிற அஞ்சலையிடம் பேசிவிட்டேன். "போலீசு வந்தா நீ முன்னால நில்லு, நான் கட்டைப் போட்டுட்டு ஓடிருவேன்" என்று சிரிக்கிறாள். ஓடமாட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை, ஆட்டம் நடக்கும்போதே, வேலியைப் பிரித்துக்கொண்டு தலைச்சுமையோடு வருகிறோம். பந்து மண்டையில் பட்டாலும் சரி. அவள் கட்டு ஒன்று, என் கட்டு ஒன்று. இறக்கிவிட்டு உன் பக்கத்தில் உட்காருவோம். யார் அதட்டினாலும், இளைப்பு ஆறும்வரை எழுந்திருக்கமாட்டோம். இது சத்தியம்.

உன்னோடு பிறந்தவன்,
தம்பி ராமலிங்கம்